மரபுப் பண்பு நடத்துவது எப்படி? ராமநாதபுரம் கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவர்களுக்கானது இது. நான்கு பாடவேளை போதும். கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. புளி ஆயும்போது ஒதுக்கிப்போடும் கொட்டை இருந்தால் சரி.

பட்டாணிச் செடிகளைக் கலந்து மெண்டல் கண்ட மரபு விதிகள் பத்தாம் வகுப்புப் பாடமாயிற்றே, எட்டாம் வகுப்பிலேயே எதற்கு?

பெயர்களும் கலைச்சொற்களும் பத்தாம் வகுப்புக்கே இருக்கட்டும். ஆனால் கேள்விகள் அதுவரை காத்திருப்பதில்லை. "சார், அப்பா அம்மா ரெண்டு பேருமே கறுப்பு, தம்பி மட்டும் எப்படிச் சிவப்பு?" என்று ஆறாம் வகுப்பிலேயே கேட்டுவிடுவார்கள். நடுநிலை வகுப்பில் மூன்று செய்திகள் பதிந்தால் போதும். ஒரு மரபணு பிள்ளைக்கு இரண்டு படிகளாக, அதாவது இரண்டு நகல்களாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பெற்றோரிடம் உள்ள இரண்டில் எது பிள்ளைக்குப் போகும் என்பது குலுக்கல். ஒரு படி இன்னொன்றை மறைக்கலாம், ஆனால் அழித்துவிடாது. மூன்றாவதுதான் முக்கியம். தாத்தாவிடம் இருந்து அப்பாவிடம் காணாமற்போய்ப் பேரனிடம் திரும்பி வரும் பண்பு அதனால்தான் சாத்தியமாகிறது.

தோல் நிறம் பற்றிய அந்தக் கேள்விக்கு "பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்வது, ஒற்றைக் குலுக்கல் அல்ல" என்று சொல்லுங்கள். அம்மா படி, அப்பா படி என்று கட்டம் போட்டு அதை விளக்கப் போகாதீர்கள்.

பட்டாணியிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். நம் வெயிலில் பட்டாணிச் செடியைப் பார்த்த பிள்ளைகள் குறைவு. கடையில் வாங்கும் காய்ந்த பட்டாணிதான் தெரியும். தாயக்கட்டத்துக்கு ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஆளுக்கு ஒரு கொட்டை. அதைச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு கொட்டை அம்மா, இன்னொன்று அப்பா. கறுப்புப் பக்கம் நெட்டைக்கான படி, வெள்ளைப் பக்கம் குட்டைக்கான படி. இரண்டையும் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டுக் குலுக்கி, மடித்த துண்டின்மேல் கவிழ்க்க வேண்டும். ஒரு கவிழ்ப்பு ஒரு பிள்ளை. இரண்டும் கறுப்பு, ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, இரண்டும் வெள்ளை என்று மூன்று பத்திகள் போட்டு 40 முறை குறிக்கச் சொல்லுங்கள். எதிர்பார்ப்பு 10, 20, 10. ஒரு கறுப்பு இருந்தாலே நெட்டை என்பதால் நெட்டை 30, குட்டை 10.

தரையில் நேராக வீசினால் கொட்டை துள்ளிப் பெஞ்சுக்கடியில் போய்விடும். தேடுவதிலேயே கால்மணி நேரம் கரையும். துண்டு எதற்கென்றால் அதற்குத்தான்.

கணக்கு 3:1 பக்கமே வரவில்லை. எங்கே தவறு?

முதலில் கொட்டையைச் சந்தேகப்படுங்கள். தேய்த்த கொட்டை நாணயம் போல் நடுநிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதிகம் தேய்த்தால் ஒரு பக்கம் தட்டையாகி ஒரே பக்கமாக விழும். ஒரு கொட்டை 100 முறையில் 60 முறை வெள்ளை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இரண்டு கொட்டை சேர்ந்தால் இரண்டும் வெள்ளையாக விழும் வாய்ப்பு நூற்றுக்கு 25 அல்ல, 36. விகிதம் 3:1-லிருந்து 2:1-க்கும் கீழே இறங்கிவிடும். அதனால் ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு கொட்டையையும் 100 முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை 40-க்கும் 60-க்கும் இடையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம், வெளியே போனால் வேறு கொட்டை. இதற்கே ஒரு பாடவேளை போகும். வீண் என்று நினைக்க வேண்டாம். கருவியைச் சோதித்த பிறகே அளப்பது என்ற பழக்கம் இதில்தான் வரும். சோழி வேண்டாம். அதன் முதுகும் வாயும் ஒரே வடிவம் இல்லை, சமமாக விழாது.

இரண்டாவது தவறு கையில். குட்டை அதிகம் வந்துவிட்டது என்று மறுபடி குலுக்குவார்கள், அல்லது பக்கத்து ஜோடியைப் பார்த்து 30, 10 என்று எழுதிவிடுவார்கள். எல்லா ஜோடியும் அச்சாக 30:10 கொண்டுவந்தால் யாரோ குலுக்கவே இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, தவறே இல்லாமலும் விலகும். 40 பிள்ளைகளில் குட்டை 5-லிருந்து 15 வரை வருவது சாதாரணம். 20 ஜோடிகளின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டுங்கள். 800 பிள்ளைகளில் குட்டை 200-ஐ ஒட்டி, பெரும்பாலும் 176-க்கும் 224-க்கும் இடையில் நிற்கும். தனித்தனி ஜோடியின் எண்கள் சிதறிக் கிடக்க, கூட்டுத்தொகை மட்டும் 3:1-ஐ நெருங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் நேரம் இது. மெண்டலை அப்போது உள்ளே கொண்டுவாருங்கள். 1866-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 2.96 வரும். அவருக்கும் சரியாக மூன்று வரவில்லை. ஏழாயிரத்துக்கு மேல் எண்ணியதால்தான் மூன்றுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது.

பெற்றோர் இருவரிடமும் ஒரு நோயின் படி மறைந்திருந்தால், "நாலு பிள்ளை பிறந்தால் ஒன்றுக்கு அந்த நோய் வரும்" என்று எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

இந்தப் பாடத்தில் அதிகம் காணும் பிழை இதுதான். மேசையில் உள்ள கணக்கையே எடுங்கள், குட்டையை நோயாக வைத்துக்கொள்ளுங்கள். 40 கவிழ்ப்புகளை வரிசையாக நான்கு நான்காகப் பிரித்தால் பத்துக் குடும்பங்கள். அவற்றில் எத்தனை குடும்பத்தில் சரியாக ஒரு குட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். நூற்றுக்கு 42 குடும்பங்களில்தான் அப்படி அமையும். நூற்றுக்கு 32 குடும்பங்களில் ஒரு குட்டைகூட இருக்காது. வகுப்பு முழுக்கச் சேர்த்தால் 200 குடும்பம் கிடைக்கும், எண்கள் நன்றாகவே பொருந்தும். இதற்காகவே குலுக்கும்போது வரிசை மாறாமல் எழுதச் சொல்ல வேண்டும். கோடு போட்டு எண்ணிக்கை மட்டும் குறித்திருந்தால் குடும்பமாகப் பிரிக்க முடியாது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லையே. ஓங்கு பண்பையும் ஒடுங்கு பண்பையும் எப்படி எழுதுவது?

நெடிலும் குறிலும் இருக்கின்றன. மறைக்கும் படியான ஓங்கு படிக்கு நெடில், மறைந்து நிற்கும் படியான ஒடுங்கு படிக்கு அதே எழுத்தின் குறில். நெட்டைக்கு 'நா', குட்டைக்கு 'ந' என்று வைத்தால் நாநா, நாந, நந என மூன்று வகை கிடைக்கும். ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்பதால் ஒரே எழுத்து என்பதும் இயல்பாகப் புரியும். நெட்டைக்கு 'நெ', குட்டைக்கு 'கு' என்று வேறுவேறு எழுத்து போட்டால் அவை இரண்டு தனி மரபணுக்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'ம' எழுத்தை மட்டும் எடுக்காதீர்கள். முதல் வகையே 'மாமா' என்று வரும், வகுப்பு அடங்க நேரமாகும்.

பத்தாம் வகுப்பில் ஆங்கில எழுத்துக்கு மாறவேண்டும் என்பதை எட்டாம் வகுப்பின் கடைசி நாளில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஓங்கு பண்பு என்றால் அதிகம் பேரிடம் இருப்பது என்று சொல்லலாமா?

கூடாது. ஆறு விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. ஊரில் எத்தனை பேருக்கு ஆறு விரல்? ஓ வகை ரத்தம் ஒடுங்கு பண்பு. தமிழ்நாட்டில் அதிகம் பேரிடம் காணும் வகைகளில் அதுவும் ஒன்று. ஓங்கு, ஒடுங்கு என்பவை ஒரே ஆளிடம் இரு படிகளும் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. வலிமை, எண்ணிக்கை, நல்லது கெட்டது எதையும் சொல்வதில்லை.

நாக்கைச் சுருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது வைத்துக் கணக்கெடுக்கலாமா?

பழைய கையேடுகளில் இருக்கிறது, ஆனால் தவறு. நாக்குச் சுருட்டுவது ஒற்றை மரபணுப் பண்பு என்ற கருத்து 1940-ல் வந்தது. 1952-லேயே ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாத ஜோடிகள் இருப்பது தெரிந்துவிட்டது. காது மடலும் இது அல்லது அது என்று இரண்டாகப் பிரியாது. நடுவில் எத்தனையோ வகை.

இதில் வெறும் பிழையைவிடப் பெரிய ஆபத்து உண்டு. அப்பா அம்மா இருவராலும் சுருட்ட முடியாது, மகளால் முடிகிறது என்றால், "அப்படியானால் நான் அவங்க பிள்ளை இல்லையா?" என்று ஒரு பிள்ளை மனதுக்குள் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

குடும்ப வரைபடம் வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாமா? ரத்த வகை?

இரண்டும் வேண்டாம். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பா, வளர்ப்புப் பெற்றோர், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை என்று வகுப்பில் எல்லா வகையும் இருக்கும். ரத்த வகை ஒற்றை மரபணுப் பண்புதான், ஆனாலும் அட்டையில் தவறாக எழுதியிருப்பது உண்டு. அதோடு பம்பாய் ரத்த வகை என்ற ஒன்று 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்டது. அந்த வகையினர் சாதாரணச் சோதனையில் ஓ என்று காட்டுவார்கள், ஆனால் ஏ அல்லது பி படியை மறைவாகச் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்க முடியும். அபூர்வம்தான். அந்த ஒரு குடும்பம் உங்கள் வகுப்பில் இருந்துவிட்டால் ஒரு வீட்டுப்பாடம் செய்யும் சேதத்தைத் திருத்த முடியாது. கற்பனைக் குடும்பம் ஒன்றை நீங்களே வரைந்து கொடுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் பிள்ளை ஊனமாகப் பிறக்குமா என்று கேட்கிறார்கள்.

கேட்கும் பிள்ளையின் அப்பாவே அம்மாவுக்குத் தாய்மாமனாக இருக்கலாம். அதை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள். உறவு புதிதாக எந்த நோயையும் உண்டாக்குவதில்லை. எல்லோரிடமும் வெளியே தெரியாத சில ஒடுங்கு படிகள் உண்டு. தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்களையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் இருவரிடமும் ஒரே மறைவான படி இருக்கும் வாய்ப்பு, அந்நியரைவிடக் கூடுதல். பிறவிக் காது கேளாமையின் சில வகைகள் இப்படி வருகின்றன.

புளியங்கொட்டையில் காட்டலாம். இரண்டு பேரும் நாந என்றால் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் நாநா என்றால், இன்னொருவர் நாந ஆக இருந்தாலும் நந பிறக்கவே பிறக்காது. உறவுத் திருமணத்தில் பிறக்கும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு நோய் இருந்தால் திருமணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்கலாம் என்பது போதும். அறிவுரை அதற்குமேல் நீள வேண்டாம்.

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது யார்?

மனிதரில் தந்தையின் விந்தணு. தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோம் கொண்டது. விந்தணுவில் ஏறத்தாழப் பாதி எக்ஸ், பாதி ஒய். ஒய் சேர்ந்தால் ஆண். பெண் பிள்ளையாகவே பெற்றாள் என்று மருமகளை ஏசும் வீடுகள் இன்னும் இருப்பதால் இந்த ஒரு வரியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தந்தையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, அதுவும் குலுக்கல்தான்.

அங்கேயே நிறுத்தாமல் நம் கரையைப் பாருங்கள். பனை ஆண், பெண் என்று தனித்தனி மரம். பாளை விடும்வரை, அதாவது பன்னிரண்டு பதினைந்து வருடம், எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தென்னையில் ஒரே பாளையில் இரண்டு பூவும் உண்டு. தனுஷ்கோடி மணலில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் போனால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். மன்னார் வளைகுடாவின் கோமாளி மீன் எல்லாமே முதலில் ஆண். கூட்டத்துப் பெரிய பெண் மீன் செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறும். எக்ஸ், ஒய் என்பது உயிருலகம் முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை என்று இந்த நான்கு எடுத்துக்காட்டில் புரிந்துவிடும்.

உள்ளூரில் வேறு என்ன எடுத்துக்காட்டு பயன்படும்?

பாம்பன், மண்டபம் பக்கம் என்றால் பாசி வளர்ப்பு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ அளவுக்கு விதைப்பாசி கட்டி, 45 நாளில் அறுப்பார்கள். பெயர்தான் விதை, உண்மையில் வெட்டிய துண்டு. தாய் தந்தை, குலுக்கல் எதுவும் இல்லை. ஒரே தாய்ப்பாசியிலிருந்து வெட்டிய துண்டுகள் எல்லாம் ஒரே மரபணு. அதனால் தண்ணீர் சூடேறி, தண்டு வெளுத்து ஒடியும் நோய் வந்தால் தப்பிக்க வேறுபட்ட பாசி தெப்பத்தில் இருப்பதில்லை. பாலினப் பெருக்கம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் நம் பக்கம் கிடைக்காது.

உள்ளே கமுதி, முதுகுளத்தூர் பக்கம் என்றால் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய். முண்டு விதை போட்ட வயலில் சில செடி மட்டும் நீளக் காய் காய்த்தால் பக்கத்து வயலில் உள்ள நீளக் காய் வகையான சம்பா மிளகாயின் மகரந்தம் வந்திருக்கலாம். பிள்ளைகள் குழம்பும் இடம் இது. சம்பா மகரந்தம் விழுந்த அதே காய் நீளமாகாது. காயின் சதை தாய்ச்செடியின் உடம்பு. கலப்பு உள்ளே இருக்கும் விதையில் இருக்கிறது, அடுத்த ஆண்டு அந்த விதை வளர்ந்து காய்க்கும்போதுதான் தெரியும். மெண்டலின் உருண்டைப் பட்டாணி அப்படி இல்லை. அங்கே பார்க்கும் பண்பே விதையின் பண்பு என்பதால் அந்த நெற்றை உரித்தாலே தெரிந்துவிடும்.

உண்மையான செடியில் கலப்பு செய்து காட்ட முடியுமா?

அந்திமந்தாரையில் முடியும். சிவப்பும் வெள்ளையும் கலந்தால் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1. ஒன்று மற்றதை முழுதாக மறைக்காததால் பூவின் நிறமே உள்ளே இருக்கும் ஜோடியைக் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் இரண்டு தூய செடி வேண்டும். ஒரே செடியில் கோடும் புள்ளியுமாகப் பல நிறம் பூப்பது ஆகாது, மஞ்சளும் வேண்டாம். தேர்ந்த செடியின் விதையை ஒருமுறை போட்டு, எல்லாம் ஒரே நிறம் பூக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்று மாலை விரியப்போகும் நீண்ட மொட்டை மதியம் இரண்டு மணிக்குள் பிளந்து, ஐந்து மகரந்தப் பைகளையும் சாமணத்தால் கிள்ளி எடுங்கள். காகித உறையால் மூடுங்கள். மாலை விரிந்ததும் மற்றச் செடியின் பூவிலிருந்து மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டுவைத்து மறுபடி மூடி, நூலில் தேதி கட்டுங்கள். பூ விரியும் நேரமும் பள்ளி விடும் மணியும் ஏறக்குறைய ஒன்றாக வரும், ஆகவே பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள இரண்டு பேரை இதற்கு வையுங்கள்.

ஒரு பூவுக்கு ஒரே விதை. 40 செடி வேண்டுமென்றால் குறைந்தது 60 பூ, ஏனென்றால் கிள்ளும்போது சூல்தண்டு ஒடிவது சகஜம். இரண்டாம் தலைமுறைக்கு இளஞ்சிவப்புப் பூக்களையும் உறையிட்டே விடுங்கள், அந்திப்பூச்சி வேறு மகரந்தம் கொண்டுவரும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை கருகும். விதையும் கிழங்கும் நஞ்சு, மிளகு போலவே இருக்கும், கை கழுவச் சொல்லுங்கள். விதைத்துப் பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆவதாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் கட்டினால் கிழங்கு அழுகுவதாலும் ஒரே கல்வியாண்டில் முடிப்பது கடினம். ஏழாம் வகுப்பில் கலந்து, எட்டாம் வகுப்பில் எண்ணுவதே சரிப்படும்.

சங்கு குளிப்பவர் மகனுக்குப் பிறப்பிலேயே மூச்சடக்க வருமா? கிரகணம் பார்த்தால் உதடு பிளக்குமா?

பயிற்சியால் வந்த மூச்சடக்கம் விந்தணுவில் உள்ள மரபணுவை மாற்றுவதில்லை. மகனும் தண்ணீரில் இறங்கித்தான் பழக வேண்டும். வெயிலில் கறுத்த தோலும் அப்படியே. கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் தொடர்பில்லை. கரு உருவான முதல் சில வாரங்களில் முகத்தின் இரு பக்கமும் சரியாக இணையாததே காரணம், அதற்குப் பல மரபணுக்களும் தாயின் உடல்நிலையும் பங்களிக்கின்றன. அறுவைச் சிகிச்சையில் சரிசெய்யலாம்.

கொட்டைக்குப் பதில் சிவப்பு, பச்சை மணி பயன்படுத்தலாமா?

பயன்படுத்தினால் வகுப்பில் யாராவது ஒரு பையன் தொடர்ந்து தவறாக எண்ணுவான், நீங்கள் கவனக்குறைவு என்று திட்டுவீர்கள். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாமை எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். கறுப்பு, வெள்ளை மணி வாங்குங்கள், இரண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. பையில் கைவிட்டு எடுக்கும் முறையென்றால் தேய்த்த கொட்டை உதவாது, விரலே சொல்லிவிடும். எடுத்த மணியைத் திரும்பப் பையில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும்.

தேர்வில் என்ன கேட்கலாம்?

வரையறை கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "இரண்டு நெட்டைச் செடிகளைக் கலந்ததில் வந்த முதல் நான்கு செடிகளும் நெட்டை. பெற்றோரில் ஒன்றாவது நாநா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?" முடியாது. இரண்டும் நாந ஆக இருந்தாலும் நூற்றுக்கு 32 முறை அப்படி வரும். இன்னும் நிறைய விதை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். எத்தனை விதை என்று கேட்டு எழுதியிருந்தால் 16 செடியும் நெட்டையாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்பதைத் திருத்தும்போது ஓரத்தில் எழுதிக் காட்டலாம்.